உள்ளங்காலைக் காட்டுங்க

வந்தவரின் முகத்தைப் பார்க்கும் முன்பே உள்ளங்காலைப் பார்க்கிற வேலை எங்களுடையது. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். எங்கள் டாக்டரம்மா தோலில் வரும் கறுப்புப் புற்றுநோயை ஆராய்ச்சி செய்கிறார். மெலனோமா என்று பெயர். நம் ஜனங்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்காலில்தான் தொடங்கும். அவர் வெட்டித் தரும் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயமேற்றிக் கொடுப்பேன். கெட்ட செல் இருக்கிறதா என்று அவர் மைக்ராஸ்கோப்பில் தேடுவார்.

ரிசல்ட்டுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. என்னையும் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் பிறந்த நான்காம் மாதம், என் இடது குதிகால் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன். பட்டாளத்தில் இருக்கும் கணவருக்கு இன்லேண்ட் லெட்டரில்கூட எழுதவில்லை; டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. பிள்ளை தூங்கியதும், கான்வென்டில் படித்த ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து அளப்பேன். அவ்வளவுதான் நான் செய்த வைத்தியம்.

அதிர்ஷ்ட மச்சம்

அச்சன்புதூரிலிருந்து ஒரு விவசாயி அண்ணாச்சி வந்தார். வலது உள்ளங்காலில் புளியங்கொட்டை அளவு கறுப்பு. வெட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் காலை இழுத்துக்கொண்டார். அது வந்த மாதம்தான் மகனுக்குப் போலீஸில் வேலை கிடைத்ததாம்.

நானும் டாக்டரம்மாவும் அரைமணி நேரம் கெஞ்சினோம். கடைசியில் சம்மதித்தார், ஒரு கேள்வியோடு: “இத வெட்டுத அன்னைக்கே அவன் டிரெய்னிங்க விட்டுட்டு வந்து நின்னாம்னா, நீங்க வந்து அவன்ட்ட பேசுவியளா?”

எண்ணெய் தேய்க்கிறவர்

குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் சீசனில் எங்களுக்கு ஆள் அனுப்புவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டரம்மா அங்கே போய், எந்த மாதிரிக் கறுப்பு சந்தேகத்துக்குரியது என்று படம் காட்டிவிட்டு வந்ததன் பலன். அன்றைக்கு மதுரைக்காரர் ஒருவரை, தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட, குளிக்கக்கூட விடாமல் பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார். மதுரைக்காரருக்கு ஒரே கோபம். முதுகில் அப்படி ஒரு மச்சம் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார்.

எண்ணெய்க்காரர் சிரித்தார். “ஒங்களுக்கு எப்படிய்யா தெரியும்? மனுசனுக்கு முன்பக்கம்தான் சொந்தம்; முதுகும் உள்ளங்காலும் எங்க கணக்கு!”

பிள்ளை ஊசி

ஆய்க்குடிப் பெரியவர் ஒருவருக்கு நோய் கெண்டைக்கால்வரை ஏறி ஏழு கறுப்புக் கட்டிகள். டாக்டரம்மா அவற்றுக்குள் காசநோய்த் தடுப்பூசி மருந்தைப் போட்டார், பிறந்த குழந்தைகளுக்குப் போடுகிறோமே, அதே பி.சி.ஜி. உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பி நோயோடு சண்டைக்கு அனுப்புகிற முயற்சி. காய்ச்சல் தூக்கிப்போட்டது. மூன்று கட்டிகள் சுருங்கின. நான்கு அசையவில்லை.

அடுத்த சாரல் சீசனுக்கு அவர் இல்லை. எனக்கு மறக்காதது, ஒருநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்திருந்த என் மகள் கையில் ஊசித் தழும்பைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “ஏட்டி, ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஏழு. நீ பள்ளிக்கூடம் போறதுக்குள்ள நான் காலேஜ் முடிச்சிருவேன், பாத்துக்கோ!”

மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம்

சரஸ்வதி பூஜைக்கு மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்தோம். லென்ஸில் சந்தனம் பட்டுவிடக் கூடாதே என்று டாக்டரம்மா கூடவே நின்றார். நான் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டேன். வேண்டுதல் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் அப்படிக் கும்பிடும்போது இரண்டு உள்ளங்காலும் பின்னால் நிற்பவருக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்கு மறந்துவிட்டது.

பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. “எந்திரிக்காத. அப்படியே இரு. டார்ச்ச எடுத்துட்டு வாரேன்.”

என் பெயர் எழுதிய கண்ணாடிச் சில்லு

மறுநாள் காலையில் வெட்டினார். வேறு கையால் சீவ வேண்டுமென்று திருநெல்வேலிக்கு அனுப்பினால் ஒரு வாரம் ஆகும். நானே சீவுகிறேன் என்றேன். லேபிளில் என் பெயரை எழுதினேன். அப்புறம் சீவினதெல்லாம் தடிமன், பாதி கிழிசல். டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, அவல் இடிச்சிருக்க? போ, திரும்பச் சீவு” என்றார்.

திரும்பச் சீவினேன். அவர் லென்ஸில் குனிந்தார். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம், மறுபடியும் முதலிலிருந்து. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் தாண்டி, என் ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. நொடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, எங்கேயோ விட்டுவிட்டேன். அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: “வெறும் மச்சம். இங்க தேட ஒண்ணும் இல்ல. போயி பிள்ளைக்குப் பால் குடு.”

பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருப்பவர்களை நாங்கள் ‘விவரமில்லாத ஜனங்கள்’ என்போம். அதையே நாங்கள் செய்தால் அதற்குப் பெயர் ‘பிள்ளை சின்னது, கொஞ்சம் வளரட்டும்’.