பதினான்கு நாள் அவகாசம்

என் கணவர் கத்தாரில் ஒரு வீட்டு டிரைவர். பந்தலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒருவர் திருப்பூரில் இருப்பார், இல்லாவிட்டால் அரபு நாட்டில் இருப்பார். எங்கள் வீட்டுக்கு அரபு நாடு வாய்த்தது. முதலாளி கத்தார்க்காரர். அவருடைய மனைவி பக்கத்து நாடான சவூதியில் பிறந்தவர். அந்த அம்மாளின் தாய்வீடு எல்லையைத் தாண்டி மூன்று மணி நேர ஓட்டம். குன்னூர்க்காரர்கள் துணி எடுக்கக் கோயம்புத்தூர் இறங்குவதுபோல மாதம் இரண்டு முறை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். வண்டி ஓட்டுவது என் கணவர்.

எல்லையில் சோதனை எல்லாம் கடுமையாக இருக்குமா என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். இரண்டு பக்கமும் ஒரே கூட்டத்து ஆட்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், ஒரே பாஷை, ஒரே தொழுகை, பாதிப் பேருக்குப் பாட்டன் பூட்டன் ஒருவரேதான் என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. கேரளா போகிற எங்கள் பாட்டவயல் செக்போஸ்டில் கையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அங்கே பார், இரண்டு தேசம் எப்படி அண்ணன் தம்பியாக இருக்கிறது என்று மாமியாரிடம் வேறு பெருமையாகச் சொன்னேன். என் வாய்க்கு அன்றே பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

அது ஜூன் மாதம், நோன்புக் காலம். எங்களுக்கு விடாத மழை. எஸ்டேட்டில் எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு இங்கே அதுதான் பெயர். என் பிறந்த ஊர் குந்தா. அப்பா மின்சார வாரியத்தில் இருந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் சிலோனிலிருந்து திரும்பி வந்த இந்த லயத்து ஆட்களின் சொற்கள் எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. காம்பரா என்றால் அறை என்று தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் ஆனது.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். பால் கொடுக்கிற தாய்மார்கள் மலையிலிருந்து இறங்கி வரும் நேரம். போனில் கணவரின் குரல் பதிவு ஒன்று வந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையே பேசியிருந்தாரே, இன்றைக்கு என்ன என்று காதில் வைத்தேன்.

சவூதி கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டது. மின்னாமல் முழங்காமல், விடிந்தால் இப்படி. தூதரகம் மூடியாயிற்று, விமானம் நின்றுவிட்டது, சாலையை அடைத்தாயிற்று. கத்தார்க்காரர்கள் பதினான்கு நாளுக்குள் சவூதியை விட்டு வெளியேற வேண்டும். சவூதிக்காரர்கள் யாரும் கத்தாருக்குள் போகக் கூடாது. இவ்வளவையும் என் கணவர் தாய்வீட்டுக்கு வந்திருந்த அந்த அம்மாளோடு சவூதியில் இருந்துகொண்டு சொன்னார்.

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மூன்று தடவை கேட்டேன். நாடுகள் சண்டை போடும் என்று தெரியும், அதற்கு ஒரு எல்லைத் தகராறோ குண்டு வெடிப்போ இருக்கும். முந்தின நாள் வரை நோன்புக் கஞ்சியைச் சேர்ந்து குடித்தவர்கள் மறுநாள் காலையில் முகத்தில் முழிக்கக் கூடாது என்றால் எப்படி? என் மடியிலிருந்த குழந்தை மூத்திரம் பெய்தது கூடத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான இடி. அந்த அம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது, அடுத்தவனுக்கு ஐந்து, சின்னவள் ஏழு மாதக் கைக்குழந்தை, தாய்ப்பாலைத் தவிர எதையும் தொடாதவள். அங்கே சட்டப்படி பிள்ளைகள் அப்பாவின் நாட்டைச் சேர்ந்தவர்கள். ஆக மூன்று பேரும் கத்தார்க்காரர்கள், வெளியேற வேண்டும். அம்மா சவூதிக்காரர், போகக் கூடாது. ஆடு பகை, குட்டி உறவு என்று சும்மா சொல்வோம். அதை இப்படிச் சட்டமாகவே எழுதுவார்கள் என்று யார் நினைத்தார்கள்?

என் கணவரின் நிலைமையும் அந்தரத்தில்தான். கத்தார் முதலாளியின் குடும்பத்து டிரைவர் என்ற சீட்டில்தான் அவர் சவூதிக்குள் வந்திருந்தார். அந்தக் குடும்பம் இருக்கும்வரை அவரும் இருக்கலாம். கெடு தாண்டினால் அவர் எந்த நாட்டு ஆள் என்று கேட்க நாதி இல்லை, பிடித்து உள்ளே போட்டாலும் போடுவார்கள். முதலாளி கத்தாரிலிருந்து போனில் பேசினார். பிள்ளைகளை எப்போது கொண்டுவருவது என்பதை மனைவியும் டிரைவருமாகப் பார்த்துச் செய்யட்டும், எல்லையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். அவர் அழுதார் என்றும் கணவர் சொன்னார்.

அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பதினான்காம் நாள் வரை இருந்துவிட்டுப் போகலாம், அதற்குள் பெரியவர்கள் பேசிவிடுவார்கள். நோன்பு மாதத்தில் தாயையும் பிள்ளையையும் பிரிக்க மாட்டார்கள், ஏதாவது ஒரு வழி சொல்வார்கள். வியாழக்கிழமை கணவர் என்னைக் கேட்டார், "நீ என்ன சொல்ற?"

நான் மாமியாரைக் கேட்டேன். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் அவர்தான் சுப்ரீம் கோர்ட். இந்தியா, இலங்கை என இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று தோட்டத் தொழிலாளர்களைப் பங்கு போட்டபோது இந்தியாவின் பங்கில் விழுந்தவர் அவர். பதினெட்டு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறினார். கூட வரவேண்டிய அண்ணன், மச்சினி கல்யாணம் முடியட்டும், அடுத்த கப்பலுக்கு வருகிறேன் என்றார். அடுத்தது, அதற்கு அடுத்தது என்று தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில் சண்டை வந்து கப்பலே நின்றுபோனது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மனிதர் அங்கே செத்துப்போனார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். எங்கள் லயத்தில் கப்பலுக்கும் முந்த வேண்டும். ரேஷனாகட்டும், ஆதார் அட்டையாகட்டும், எங்கள் ஆட்கள் விடியுமுன்னே வரிசையில் நிற்பார்கள். நான் அதைக் கேலி செய்துகொண்டே இருந்தவள். ஆனால் பயம் வந்ததும் நானும் அந்த வரிசையிலேயே போய் நின்றுகொண்டேன்.

மாமியார் யோசிக்கவே இல்லை. "கவருமெண்டு போன்னு சொன்னா மொத ஆளா போயிரணும். நாளு இருக்குன்னு ஒக்காந்தவன் எவனும் போய்ச் சேந்ததில்ல."

மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற மேல் வளைவுக்கு ஏறினேன். நான் பேசியதை வார்த்தை மாறாமல் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பதிவை இன்னும் நான் அழிக்கவில்லை. "ஏனுங்க, அவிய பெரிய எடத்துச் சண்டை, நமக்கு எதுக்குங்க? நாளைக்குச் சட்டத்த மாத்திப் போட்டா நீங்க அங்கேயே மாட்டிக்குவீங்க. கொழந்தைங்கள ஏத்திட்டுக் கெளம்பிருங்க. அந்தம்மா அழுதா அழுவட்டும், பொறவு சமாதானமாயிக்கும்."

சமாதானமாயிக்கும் என்றேன். தினமும் பதினெட்டுக் கைக்குழந்தைகளைப் பார்க்கிறவள் நான்.

இனிக் காத்திருக்க முடியாது என்று கணவர் சொல்லிவிட, சனிக்கிழமை கிளம்பினார்கள். கெடு விதித்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த அம்மாளைத் திருப்பி அழைத்துப்போகப் பிள்ளைகளின் தாத்தா வேறு வண்டியில் முன்னால் போனார். அந்த அம்மாள் சவூதி எல்லை வரை என் கணவரின் வண்டியிலேயே வந்தார். சோதனைச் சாவடிக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, பின் இருக்கையில் குழந்தைக்குப் பால் கொடுத்தார். கணவர் வெளியே வெயிலில் நின்றார். வலது பக்கம், இடது பக்கம், திரும்பவும் வலது பக்கம். குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிட்டது. தூங்குகிறதை எழுப்பி எழுப்பிக் கொடுத்தார். பிறகு இறங்கி, மூத்த பெண்ணின் மடியில் வைத்து, தான் தலையில் போட்டிருந்த துணியைப் பிள்ளைமேல் போர்த்திவிட்டார். கதவைச் சாத்தியது அவர்தானாம். இரண்டு சாவடிகளுக்கும் நடுவில் இருக்கிற வெற்றுச் சாலையில் போகும்போது குழந்தை விழித்து அலறத் தொடங்கியது. அப்பாவின் கையில் கொடுக்கும்வரை நிறுத்தவில்லை.

இதையெல்லாம் குரல் பதிவாக அனுப்பியிருந்தார். நான் திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் வைத்துக் கேட்டேன். எதிரே ஏழு தாய்மார்கள் இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டிருந்தது. இவர்கள் எல்லை தாண்டிய மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, கலப்புக் குடும்பங்களின் நிலைமையை மனிதாபிமானத்தோடு பார்க்கும்படி சவூதி உத்தரவு போட்டது. அந்த அம்மாளின் அக்கம்பக்கத்தில் அதுபோல இருந்த இன்னொரு குடும்பத்தைப் பிள்ளைகளோடு அப்படியே இருக்க விட்டார்கள். ஒரு நாள். ஒரே ஒரு நாள் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை அம்மா மடியில் இருந்திருக்கும். மாமியாரிடம் சொன்னேன். "நாம என்னத்தக் கண்டோம்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பிரிந்துபோனவர்கள் பெயர் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும் என்றார்கள். அந்த அம்மாளின் தம்பி அங்கே அரசாங்க வேலையில் இருந்தார். எதிரி நாட்டுக்குப் போகிறேன் என்று அக்கா பெயர் கொடுத்தால் தன் பிழைப்புப் போய்விடும் என்று தடுத்துவிட்டார். மூன்றாவது நாடு ஒன்றில் வைத்தாவது சந்திக்கலாம் என்று பேச்சு வந்தது, அதுவும் தள்ளிப் போனது. பிறகு கொரோனா வந்தது. சின்னவள் பத்து நாள் அரைப்பட்டினி கிடந்து, பதினோராம் நாள் புட்டிப்பாலுக்குப் பழகினாள். அவளைத் தோளில் போட்டு முற்றத்தில் நடப்பது என் கணவரின் வேலையில் சேர்ந்துகொண்டது. அவள் முதன்முதலில் நடந்ததை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். என்னால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

மூன்றரை வருஷம் கழித்து ஒரு ஜனவரியில் டிவியில் பார்த்தேன். விமானம் வந்து நின்றது. கத்தார்த் தலைவர் இறங்கினார். சவூதித் தலைவர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் சிரித்தார்கள். உறவு மீண்டது, எல்லை திறக்கிறது என்று செய்தி வாசித்தார்கள். எல்லாரும் சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கு முதல் நாள் கேட்ட அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. இவ்வளவுதானா? இதற்கு ஒரு கட்டிப்பிடி போதுமென்றால் அதை அந்த ஜூன் மாதமே பிடித்திருக்கக் கூடாதா? அடுத்த செய்தி ஊட்டியில் உறைபனி.

கத்தாருக்கு வந்து, கொரோனாத் தனிமையை ஒரு ஓட்டலில் முடித்துக்கொண்டு அந்த அம்மாள் வெளியே வந்த அன்று, முதலாளியோடும் பிள்ளைகளோடும் என் கணவர் வண்டியைக் கொண்டுபோனார். மூத்த இருவரும் அம்மாவை நோக்கி ஓடினார்கள். சின்னவள் ஓடவில்லை. யாரோ புதிய பெண் அழுதுகொண்டு கையை நீட்டுகிறாளே என்று மிரண்டுபோய் என் கணவரின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். இவர் அவளைப் பிரித்துத் தாயிடம் கொடுக்கப் பார்த்தார். அந்த அம்மாள்தான் வேண்டாம் என்றார். "விடு, பலவந்தம் பண்ணாதே, பயந்துவிடுவாள்" என்று அரபியில் சொல்லிவிட்டு, அவளைத் தொடாமல் பக்கத்தில் நடந்து வந்தாராம்.

அடுத்த லீவுக்கு அவர் வந்திருந்தபோது, சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன், பேச்சுவாக்கில் சொன்னார். அந்த அம்மாள் ஒருநாள் வண்டியில் தனியாக வரும்போது கேட்டிருக்கிறார், கோபமாக இல்லை, தெரிந்துகொள்கிற மாதிரி. இன்னும் ஒன்பது நாள் இருந்ததே, ஏன் அன்றைக்கே கிளம்பினாய்?

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எனக்குப் பயமா இருந்துச்சுன்னு சொன்னேன்" என்றார். குழம்பு போதும் என்று கையைக் காட்டினார். என் பேரை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாம்.