எதிரி இடம் மாறிய வருடம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பாம்புச்செவி. கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் மரியாதை சேர்த்துச் செவியக்கா என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

நகரத்தின் ஓரத்தில், பழைய தானியக் கிடங்குக்குப் பின்னால், கூரை முழுக்கக் கம்பிகளோடு ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. வாசலில் வானிலை ஆய்வு நிலையம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த ஒருவருக்கும் வானிலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்து நாட்டுப் படைகள் வானொலியில் பேசிக்கொள்வதை ராணுவத்துக்காக ஒட்டுக்கேட்கிற இடம் அது. மழை வருமா என்று தெருக்காரர்கள் கேட்டால் செவியக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "வந்தா வரும்" என்று சொல்லிவிட்டு நடப்பாள்.

நாட்டுக்கு மேற்கே ஆறு, கிழக்கே மலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எதிரிகள். மலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வேண்டியவர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற அளவுக்கு நெருக்கம். செவியக்காவுக்கு மூத்தவளான பெரியக்காவை மலைக்கு அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அலுவலகமே திரண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தது.

அவளுடைய அப்பா மர வியாபாரி. சண்டை மூளுவதற்கு முன்னால் அக்கரையில் சில வருடம் குடித்தனம் நடத்தினார். அங்கே தெருப் பிள்ளைகளோடு கட்டிப் புரண்டு செவியக்கா கற்ற பாஷைதான் பிறகு அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. ஒட்டுக்கேட்கத் தலையில் மாட்டிக்கொள்ளும் காதுக்கருவியின் மெத்தை கிழிந்துபோனால் அவளே பழைய துணியில் உறை தைத்துப் போட்டுக்கொள்வாள். நாளெல்லாம் அதை அழுத்தி வைத்ததில் காதுக்கு மேலே முடி வளராமல் ஒரு தடம் விழுந்துவிட்டது.

அக்கரை ராணுவத்து வானொலிக்காரர்களுக்குப் பெயர் கிடையாது, ரகசியச் சொல்தான் உண்டு. அதனால் கேட்கிறவர்களே பெயர் வைத்தார்கள். மூக்கால் பேசுகிறவன், அவசரக்குடுக்கை, இருமல்காரன். இருமல்காரன் செவியக்காவின் பங்கு. எண்களைப் படிப்பதற்கு முன்னால் அவன் ஒரு தடவை இருமுவான். வேலை இல்லாதபோது பேசுகிற பொத்தானை விட மறந்து பாட்டு முணுமுணுப்பான். அவனுக்குச் சளி பிடித்தால் இவளுக்குத் தெரிந்துவிடும். "கட்டினவன்னு ஒருத்தன் இருந்திருந்தாக்கூட இவ்வளவு கவனிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு மத்தியானத்தோடு போயிற்று.

அவளுடைய தம்பி அப்போது கட்டாய ராணுவச் சேவையில் ஆற்றங்கரைக் காவல் நிலை ஒன்றில் இருந்தான். இருமல்காரன் இருமினான், குண்டு போட வேண்டிய இடத்தின் எண்களைப் படித்தான். கேட்டதை எல்லாம் எழுதிவிட்டுத் தாளைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அது தம்பி இருந்த இடம். எழுந்து ஓடினாள். மேலதிகாரி தொலைபேசியைச் சுழற்றினார். அங்கே யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினார். எடுத்தபோது, எடுத்தவர் அழுதுகொண்டிருந்தார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவனோடு நின்ற இரண்டு பையன்கள் பிழைக்கவில்லை. ஆனால் செவியக்காவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கியது வேறொன்று. எண்களைப் படித்து முடித்த இருமல்காரன், அடுத்த மூச்சில் யாரிடமோ, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டிருந்தான். அதையும் அவள் எழுதி வைத்திருந்தாள். காதில் விழுந்ததை எல்லாம் எழுத வேண்டும் என்பது விதி.

வருடங்கள் ஓடின. மலைக்கு அந்தப் பக்கம் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள், நடுவே உள்ள கணவாய் தங்களுடையது என்றார்கள். படைகளை மேலே ஏற்றினார்கள். அதைப் பார்த்து இக்கரைக்கும் பயம் வந்தது, அக்கரைக்கும் வந்தது. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். முதலில் வணிக ஒப்பந்தம் என்றார்கள். அப்புறம் சண்டைக் காலத்தில் குண்டு வைத்துத் தகர்த்த ஆற்றுப் பாலத்தைச் சேர்ந்தே கட்டினார்கள். அப்புறம் இன்னும் சில நாடுகளையும் சேர்த்துக்கொண்டு பொதுச் சந்தை, பொதுக் கடவுச்சீட்டு. கடைசியில் ராணுவக் கூட்டணி. ஒருவரை அடித்தால் எல்லோரையும் அடித்த மாதிரி என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பள்ளிச் சுவர்களில் இருந்த வரைபடத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஒரே நிறம் பூசினார்கள். ஆற்றங்கரை வீரர்களைப் பற்றிப் பிள்ளைகள் பாடிய பாட்டைக் காலை வணக்கத்தில் இருந்து எடுத்தார்கள்.

அலுவலகத்தில் மேலதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்து ஓர் உத்தரவைப் படித்தார். இனிமேல் அக்கரையை எதிரி என்று எழுதக் கூடாது, நட்புப் படை என்றுதான் எழுத வேண்டும்.

"சார், அப்போ நாம இவ்வளவு வருஷமா உட்கார்ந்து கேட்டதெல்லாம்?" என்றார் ஒருவர்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வானிலை."

எல்லோரும் சிரித்தார்கள். செவியக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அழுகையாக வந்தது.

தம்பி போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அக்காவும் தம்பியும் கடைக்கு மேலேயே இரண்டு அறையில் குடியிருந்தார்கள். பாலம் திறந்ததும் அவன் பண்ணிய முதல் காரியம், அக்கரை மருத்துவமனைக்குப் போய் நல்ல செயற்கைக் கால் ஒன்று பொருத்திக்கொண்டு வந்தது. கூட்டணி நாட்டுக்காரர்களுக்கு அங்கே சலுகை.

"உனக்கு அங்க போக மனசு வந்துச்சா?" என்றாள்.

"எடுத்தவனே திருப்பிக் குடுக்கிறான். வேணாம்னா சொல்லுவாங்க?" என்று படியில் ஏறி இறங்கிக் காட்டினான். "பாரு, பழைய கால் இவ்வளவு சொன்னபடி கேட்டதில்ல."

ஒட்டுக்கேட்கும் பிரிவு ஆற்றை விட்டுவிட்டு மலையின் பக்கம் காதைத் திருப்பியது. அந்தப் பாஷை தெரிந்த இளம்பெண் ஒருத்தி செவியக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். செவியக்காவை, இரண்டு படைகளும் சேர்ந்து நடத்திய கூட்டுத் தலைமையகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக மாற்றினார்கள். புதுக் கட்டடம். தரைவிரிப்பில் பசை வாசனை போகவில்லை. ஒவ்வொரு கதவும் அட்டையைக் காட்டினால்தான் திறக்கும்.

வந்த கொஞ்ச நாளிலேயே, ஒரு கூட்டத்தில் அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பின்னால் இருந்தவர் எண்களைப் படிக்க ஆரம்பித்தார். எத்தனை லாரி, எத்தனை கூடாரம். அதே குரல். கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். கூட்டம் முடிந்து பார்த்தால், வழுக்கைத் தலை, தொந்தி, கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. கதவைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் வழிவிடுகிற மனுஷர். தெருவில் பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைப்போம்.

பல நாள் பொறுத்தாள். ஒருநாள் சிற்றுண்டிக் கூடத்தில் அவர் தேநீரோடு எதிரே வந்து உட்கார்ந்தார். அவருடைய பாஷையில் கேட்டாள்.

"முன்னாடி ஆத்தங்கரையில வானொலிப் பிரிவுல இருந்தீங்க இல்ல?"

அவர் முகம் மலர்ந்தது. "ஆமாம் மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருமல்."

அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அதன் அர்த்தம் புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே நின்றது. தம்பியின் கதையை அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, ஏதோ குறிப்பு வாசிப்பதுபோலச் சொன்னாள்.

"என்கிட்ட ஒரு தாளைக் குடுப்பாங்க. நான் படிப்பேன். அங்க யாரு இருக்காங்கன்னு எனக்கு எப்படி..." என்றார் அவர்.

"தெரிஞ்சிருக்காது. படிச்சு முடிச்சிட்டு, சாப்பிட்டாச்சான்னு கேட்டீங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "உங்க தம்பியைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

தம்பி, வரச் சொல்லு என்றான். அவர் கடைக்கு வந்தார். தம்பி மன்னிப்புப் பேச்சுக்கு இடமே கொடுக்கவில்லை. அவருடைய போனை வாங்கிப் பிரித்தான், சுத்தம் செய்தான், எந்தப் போன் நல்ல போன் என்று வாய் ஓயாமல் பேசினான், கை குலுக்கி அனுப்பினான். அவர் போனதும் கடைக் கதவை இழுத்து மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டான். செவியக்கா தட்டினாள். "கொஞ்ச நேரம் விட்டுரு அக்கா" என்று மட்டும் குரல் வந்தது.

அதன் பிறகுதான் பாதுகாப்புச் சோதனை வந்தது. கூட்டணி நாடுகள் ரகசியங்களைப் பகிர்ந்துகொள்வதால், வேலை பார்ப்பவர்களின் உறவுமுறை எல்லாவற்றையும் கூட்டுக்குழு ஒன்று துருவியது. அவளைப் போலவே இங்கே மாறி வந்திருந்த பழைய மேலதிகாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அக்கா மலைக்கு அந்தப் பக்கம் இருக்காங்க இல்ல?"

"சார், கல்யாணத்துக்கு நீங்களே வந்திருந்தீங்க. ரெண்டாவது பந்தியில உட்கார்ந்தீங்க."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்போ அது வேறம்மா. இப்போ வேற. பேச்சு வார்த்தை எதுவும் வேண்டாம். போன் வேண்டாம், அவங்க அனுப்புற குரல் பதிவைக் கேட்கக்கூட வேண்டாம். வீட்டுல தம்பிக்கும் சேர்த்துத்தான். முடியலன்னா, உங்களை இங்க வச்சுக்க எனக்கு வழியில்ல."

"என் தம்பி மேல குண்டு போட எண்ணைப் படிச்சவர் எல்லா அறைக்கும் போறார் சார்."

"அவர் நம்ம ஆளு" என்றார் மேலதிகாரி. சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

அவள் ஒத்துக்கொண்டாள். இந்த வேலையைத் தவிர அவளுக்கு வேறு தெரியாது. இதுவும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும், ஆறு சரியாகவில்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தம்பி வாய்க்கு வந்தபடி திட்டினான். ஆனாலும் அவளுக்காகத் தன் போனில் பெரியக்காவின் அழைப்பு வராமல் தடுத்துவைத்தான். செவியக்காவின் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து ஓய்ந்ததும் ஒரு குரல் பதிவு வந்து விழும். கேட்காமலே அழிப்பாள். வாழ்நாளெல்லாம் அந்நியர் பேச்சை ஒன்று விடாமல் கேட்டவள், கூடப் பிறந்தவள் குரலைத் தொடாமல் அழித்தாள்.

ஒரு சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில், அவளுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தைத் திருப்பாமலே பேசினாள்.

"அக்கா, இதைச் சொல்லக் கூடாது. மலைப் பக்கத்து அழைப்பெல்லாம் எங்ககிட்டதான் வருது. உங்க நம்பருக்கு வர்றதும்."

செவியக்கா பேருந்து வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எடுக்காட்டியும் அவங்க பேசிட்டுத்தான் இருக்காங்க. உங்க அத்தான் போயிட்டார்க்கா. மூணு மாசம் ஆச்சு. அதை எழுதினது நான்தான். உங்களைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு..."

பேருந்து வந்தது. அந்தப் பெண் ஏறிக்கொண்டாள். செவியக்கா ஏறவில்லை. வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தம்பி கையில் இருந்த போனை மேசைமேல் வைத்தான். பூப்போல வைத்தான். அத்தான்தான் அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர்.

மறுநாள் வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொன்னாள். சொன்ன கணமே அவளுடைய அட்டையைச் செல்லாமல் ஆக்கிவிட்டார்கள். உள்ளே இருந்து வெளியே போகவும் கதவு திறக்கவில்லை. இருமல்காரர்தான் வந்து தன் அட்டையைக் காட்டித் திறந்துவிட்டார்.

"நான் வேணும்னா பேசிப் பார்க்கட்டுமா மேடம்?"

"யாருகிட்டப் பேசுவீங்க? விடுங்க. உடம்பைப் பார்த்துக்கங்க. இருமல் ஜாஸ்தியாயிருக்கு" என்றாள். அது உண்மையாகவே ஜாஸ்தியாகி இருந்தது.

வீட்டுக்கு வந்து, தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பெரியக்காவின் எண்ணை அழுத்தினாள். நீண்ட நேரம் மணி அடித்தது.

"யாரு?"

"நான்தான்கா."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இப்ப என்னத்துக்குக் கூப்பிட்ட?" என்றாள் பெரியக்கா. கோபம் இல்லை. பயம் இருந்தது.

"அத்தான் விஷயம் நேத்துதான் தெரியும்கா. வேலையை விட்டுட்டேன். இனிமே தினமும் பேசலாம். தம்பியும் இங்கதான் இருக்கான்."

"பெரியக்கா..." என்றான் தம்பி.

"ஐயோ, பேசாதடா. ரெண்டு பேரும் கேளுங்க. இங்கயும் வந்துட்டாங்க. தங்கச்சி அந்தப் பக்கம் ராணுவத்துக்கு ஒட்டுக்கேட்டவளாமே, உனக்குத் தெரியாதான்னு கேட்டாங்க. எனக்கு நிஜமாவே தெரியாதேடி. வானிலைன்னுதானே சொன்ன? என் மூத்த பையனைப் படையில எடுத்துட்டாங்க. கணவாய்லதான் போட்டிருக்காங்க. நான் உங்ககூடப் பேசினா அவனைப் போட்டுப் பாடாப் படுத்துவாங்க."

"அக்கா..."

"எத்தனை தடவை கூப்பிட்டேன். அப்ப எடுத்திருக்கக் கூடாதா?" குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டாள். "சரி, விடு. நல்லா இருங்க. இனிமே கூப்பிடாதீங்க."

இணைப்பு அறுந்தது. அடுத்த வாரம் முயன்றபோது, அப்படி ஓர் எண்ணே இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது.

இப்போது செவியக்கா தம்பியின் கடையில் இருக்கிறாள். ஒலி சரியாகக் கேட்காத போன்களைக் காதில் வைத்துப் பார்த்து, எங்கே கோளாறு என்று சொல்வாள். வாடிக்கையாளர்களிடம் அதிகம் பேசுவதில்லை. கணவாயில் அவ்வப்போது மோதல் நடக்கிறது. கூட்டணிப் படையில் யாராவது செத்தால், இக்கரைப் பையன்களானாலும் அக்கரைப் பையன்களானாலும், தொலைக்காட்சியில் படத்தோடு பெயரும் ஊரும் சொல்கிறார்கள். எதிரித் தரப்பில், மலைக்காரர்களில், எத்தனை பேர் என்று மட்டும் சொல்கிறார்கள்.

போன வாரம் பன்னிரண்டு பேர் என்றார்கள். தம்பி வேறு நிலையம் மாற்றிப் பார்த்தான். அங்கேயும் பன்னிரண்டு. அக்கரை நிலையம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். செவியக்கா எழுந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"பேரு ஏதாவது சொல்றாங்களாக்கா?"

"இல்ல" என்றாள். விளம்பரம் வந்தது. இரண்டு பேரும் அடுத்த செய்திக்காகக் காத்திருந்தார்கள். அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை.