சொல்லக்கூடாத ‘வரேன்’

செருப்பை மாட்டுகிறாள், கழற்றுகிறாள். கைப்பையைத் தோளில் போடுகிறாள், உடனே அதை ஆணியில் மாட்டிவிட்டு முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள். சாவிக்கொத்தைக் குலுக்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் அடுப்படிக்குப் போகிறாள். புதிதாகப் பார்ப்பவர்கள் ஜெயபாரதிக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பட்டாணிக்குப் பாடம் நடக்கிறது, வேறொன்றுமில்லை.

பட்டாணி ஒரு நாய்க்குட்டி. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் மழையில் நனைந்து கிடந்ததை டிபன் பையில் போட்டுத் தூக்கிவந்தாள். தி.நகர் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை பிரித்துப் போடுகிற வேலை அவளுக்கு. காலையில் கதவைப் பூட்டினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். அதுவரை குட்டி ஊளையிடும். பக்கத்து போர்ஷனில் இருக்கும் எனக்கே சோறு இறங்காது. “ஆத்துல ஊளைச் சத்தம் கேக்கப்படாதுடி. திங்கக்கிழமைலேர்ந்து இது வாயை மூடலைன்னா, கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வா” என்று வீட்டுக்காரி விஜயலக்ஷ்மி மாமி கெடு வைத்துவிட்டார்.

இந்தப் பாடத்தை மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் சொல்லிக்கொடுத்தாராம். செருப்பையும் சாவியையும் கண்டு குட்டி பயப்படாதபடி பழக்க வேண்டும். கொஞ்ச நேரம் வெளியே நின்று, அது அழுவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். ரேடியோவைச் சன்னமாக வைக்கலாம், கட்டிய புடவையொன்றைப் படுக்கப் போடலாம். கிளம்பும்போது கொஞ்சல், பேச்சு எதுவும் ஆகாது. மற்றதெல்லாம் அம்மணிக்கு அத்துப்படி. கடைசியில்தான் தகராறு. கதவை இழுத்துச் சாத்தும்போது வாய் சும்மா இருக்காது: “வரேன்டா பட்டாணி.” போச்சு! உள்ளே கச்சேரி ஆரம்பம். செருப்புக்கும் சாவிக்கும் அசையாத குட்டி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

பட்டாணி வருவதற்கு முன்பு, பூட்டிய கதவிடமே “வரேன்” சொல்லிவிட்டுப் போனவள் இவள். எஸ்.டி.டி. பூத்காரர், கீரைக்காரி, பஸ் கண்டக்டர், ஒருவரையும் விடமாட்டாள். நாங்கள் கேலி செய்வோம், அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

“மனசுக்குள்ள சொல்லிட்டுத் தொலையேன்டி!” என்றேன் ஒருநாள், எரிச்சல் தாங்காமல்.

“மனசுல சொன்னா அதுக்கு எப்டிக்கா கேக்கும்?” முறத்தைக் கீழே வைத்தாள். “எங்க வூட்டுக்காரு கோடம்பாக்கத்துல லைட்மேனா இருந்துச்சுல்ல. எப்பவும் வரேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பும். அன்னிக்கி ரெண்டு பேருக்கும் சண்டை. வாசல்ல நின்னு ‘போறேன்’னுச்சு. சாயந்தரம் ஷூட்டிங்ல சாரத்துலேர்ந்து வுழுந்து பூடுச்சுன்னு ஆள் வந்து சொன்னாங்க. சொல்லாம போயி நானும் திரும்பலைன்னா, இதுக்கு யாரு கீறாங்கக்கா?”

 அந்தக் கேலியையெல்லாம் நினைத்து எனக்கு அன்று ராத்திரி சாப்பிடவே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. மாமி மாடிப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஜெயபாரதி வெளியே வந்தாள், கதவைச் சாத்தினாள், பூட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே மெல்லிய முனகல் கேட்டது, பிறகு ரேடியோ மட்டும். மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். குட்டி அழவில்லை. மாமி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் வாய் தவறி, “நல்லபடியா போய்ட்டு வா ஜெயா” என்றேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தாள்.