திருப்பதியில் எடுத்த முடி

அது 1964 மே மாதம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அப்பாவை நைனா என்போம்; அவருடைய பாக்கெட் டைரியில் ஜூன் இரண்டாம் வாரம் என்று இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த அந்த வாரம் நான் வகுப்புக்குப் போகவில்லை என்பது அதைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. சித்தூரில் மிஷன் கோயிலுக்குப் பின்னால் குடியிருந்தோம்.

என் தலைமுடி நைனாவுடையது. ஒவ்வொரு இழையும் பேனா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு, வளர வளரத் தொங்காமல் பக்கவாட்டில் விரியும். நைனா ஒட்ட வெட்டிக்கொள்வதால் அவருடையதை யாரும் கவனித்ததில்லை. அம்மாவுக்கோ இடுப்புக்குக் கீழே இறங்கும் நேர் முடி. தினமும் காலையில் விளக்கெண்ணெயைச் சூடாக்கி என் தலையில் தேய்த்து, பல் அகன்ற மரச்சீப்பால் இழுப்பார்கள். நான் அழுவேன். சீப்பின் பல் உடையும். வகுப்பில் என்னைத் தெலுங்குப் பிள்ளைகள் 'கொப்பரி பீச்சு' என்றார்கள். தேங்காய் நார். தமிழ்ப் பிள்ளைகளும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

யோசனை சொன்னது அத்தை, நைனாவின் அக்கா. "பெரியவளாவறதுக்குள்ள ஒரு தபா வழிச்சி எட்த்துடு. அப்புறமா மொளைக்கிறது நேரா மொளைக்கும். இல்லன்னா பாக்க வர்றவனுங்க தலையப் பாத்துட்டு காபி கூட குடிக்காம போய்டுவானுங்க."

வீட்டுக்கு வந்து நைனாவுக்கு முடி வெட்டுகிறவரிடம் அம்மா கேட்டார்கள். அவர் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். "வேண்டுதல் இல்லாம பொட்டப்புள்ள தலையில கத்தி வெக்க மாட்டேம்மா. குடும்பத்துக்கு ஆவாது. திருப்பதி கூட்டிக்கினு போங்க, அங்க கேக்க மாட்டாங்க."

அப்படித்தான் கிறிஸ்துவை வணங்கும் வேதக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் மகளைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றினாள். நாங்கள் மலைக்குப் போகவில்லை. அடிவாரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் அம்மா பேசினார்கள். அவர் என் தலையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். இரண்டு தடவை கத்தியைத் தீட்டினார். பிறகு தெலுங்கில், கோவிந்தா என்று சொல்லச் சொன்னார். சொன்னால்தான் கத்தி வைப்பேன் என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். கத்தி குளிர்ச்சியாக இருந்தது. கீழே விழுந்த முடி அங்கேயும் படியாமல் பந்து பந்தாகக் கிடந்தது.

சித்தூரில் மொட்டைத் தலையோடு ஒரு பெண்பிள்ளை நடந்தால் எங்கே போய் வந்தாள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. பத்து நாட்களுக்குள் சபைக் கமிட்டி அம்மாவைக் கூப்பிட்டது. வேண்டுதல் ஏதுமில்லை, முடி நேராக வளரட்டும் என்றுதான் செய்தேன் என்று அம்மா சொன்னார்கள். கமிட்டியிலிருந்த மூப்பர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், சபைப் போதகரான ஐயர் அங்கி மாற்றும் அறைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். அம்மா சுவரோரம் நின்றார்கள். மூத்த மூப்பர் கோபமாகப் பேசவில்லை.

"பாப்பா, பயப்படாத. அந்த ஆளு உன்ன எதுனா பேர் சொல்லச் சொன்னானா?"

"சொன்னாரு."

"நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"அம்மா அப்ப இன்னா பண்ணாங்க?"

"சும்மா இருந்தாங்க."

அம்மாவை ஆறு மாதத்துக்கு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறுகளில் நைனா மட்டும் எழுந்து முன்னால் போய் முழங்காலிடுவார். அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். டிசம்பரில் தவணை முடிந்தது. ஜனவரி முதல் ஞாயிறன்று நைனா எழுந்து வழிவிட்டு நின்றார். அம்மா எழவில்லை. அதற்குப் பிறகு எந்த மாதமும் எழவில்லை. பாட்டுப் பாடுவார்கள், காணிக்கை போடுவார்கள். அப்பமும் ரசமும் மட்டும் வேண்டாம்.

என் முடியோ ஆகஸ்டுக்குள் விரற்கடை வளர்ந்துவிட்டது. முன்னைவிட இறுக்கமான சுருள். அம்மா உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தார்கள். மறுநாள் காலை பழைய எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் வைத்தார்கள்.

அதன் பின் எட்டு வருடம் நான் அதைக் கட்டியே வைத்தேன். ஈரத்தோடு இழுத்துப் பின்னி, காயும்வரை துணி சுற்றி, மேலே ஊசி குத்தி. நெற்றியோரம் முடி உதிர்ந்து வெளுத்துப் போனது. ஏர்பேட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது, மழையில் நனைந்து விரிந்த என் தலையைப் பார்த்ததோடு போனது.

1972-ல் திருப்பதியில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தேன். அங்கே நூலகத்தில் பழைய அமெரிக்கப் படப் பத்திரிகைகளைக் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு மதியம் அதில் ஒன்றைப் புரட்டினேன். கறுப்பினப் பெண் ஒருத்தி, என் வயதிருக்கும், பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். அவள் முடி என்னுடையது. அதை அவள் எண்ணெய் வைக்காமல், கட்டாமல், தலையைச் சுற்றி வட்டமாக நிற்க விட்டிருந்தாள். மறைக்க வேண்டிய ஒன்றைத் தலையில் வைத்திருப்பவள் மாதிரி அவள் நிற்கவில்லை. நான் அந்தப் பக்கத்தை மூன்று நாள் போய்ப் பார்த்தேன்.

நாலாம் நாள் சீயக்காய் போட்டுக் குளித்து, அப்படியே உலரவிட்டேன். விடுதியில் என் அறைத்தோழி கார்வேட்டிநகரத்துக்காரி. வாசலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நல்லாத்தான்டி கீது. ஆனா பஸ்ல எனக்கு முன்னாடி மட்டும் குந்தாத. ரோடே தெரியாது." சேர்ந்து சிரித்தோம். தெருவில் பையன்கள் கத்தினார்கள், கழுத்து வலிக்கவில்லை, தலைக்குள் காற்று போயிற்று. பதினோரு நாள் அப்படி இருந்தேன். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் என் குறிப்பேடுகளில் அதிகமில்லை.

பன்னிரண்டாம் நாள் ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் அதற்கு மேலே பார்த்தார்கள்.

"இதுக்கா?" என்றார்கள்.

உள்ளே போய் இட்லிக்கு மாவு ஊற்றினார்கள். அந்த முடியைச் சரிசெய்யத்தான் சபை முன்னால் தலைகுனிந்து நின்றார்கள். சரிசெய்ய எதுவுமே இல்லை என்று நான் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றிருந்தேன். அன்று மாலையே பின்னிக்கொண்டேன்.

அதன் பிறகு ஏழு வருடம், திருப்பதியில் வேலை பார்த்த நாட்களில் விரித்தும், சித்தூர் பஸ் ஏறுமுன் கட்டியும் இருந்தேன். பஸ் நிலையத்துப் பெட்டிக்கடைக்காரருக்கு நான் பழக்கம். கேட்காமலே கண்ணாடியை என் பக்கம் திருப்பி வைப்பார்.

1979-ல் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. வேலூரில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய மூப்பர்களில் யாரும் அப்போது உயிரோடில்லை. புதிதாக வந்திருந்த இளம் ஐயருக்கு எதுவும் தெரியாது. ஒரு காலை, நோயாளிக்குத் திருவிருந்து கொடுக்கச் சின்னப் பெட்டியோடு வந்தார். நான் தலை குளித்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"முடியக் கட்டிக்கினு வா," என்றார்கள் அம்மா. கட்டிக்கொண்டு வந்தேன்.

ஐயர் ஜெபத்தைத் தொடங்கினார். அம்மா கையை லேசாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

"ஐயரே, நான் செஞ்சது தப்புன்னு இன்னிக்கும் எனக்குத் தோணல. புள்ளைக்கு நல்லது பண்ணலாம்னுதான் போனேன். தோணாதத தோணுச்சின்னு சொல்லி எப்பிடி வாங்குறது? எடுத்துக்கினு போங்க."

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். ஐயர் பெட்டியை மூடினார். ஒன்பதாம் நாள் அம்மா இறந்தார்கள்.

அடக்கம் முடிந்த வாரத்திலிருந்து நான் முடியைக் கட்டுவதில்லை. அழகாக இருக்கிறது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். திருப்பதியில் விரித்து நடந்த அந்தப் பதினோரு நாட்களின் சந்தோஷம் மட்டும் திரும்பவில்லை.

ஐயரிடம் பிறகு நடந்ததை எல்லாம் சொன்னேன். "நீங்க சின்னப் புள்ளம்மா அப்ப. கேட்டாங்க, உண்மையச் சொன்னீங்க. அதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல," என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். பதினோரு வயதில் எனக்குப் பொய் சொல்லத் தெரியும். அந்த ஞாயிறு காலையில்கூட, வேதப் பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டதாக ஞாயிறு பள்ளி டீச்சரிடம் பொய் ஒன்று சொல்லியிருந்தேன். மூப்பர் கேட்டபோது சுவரோரம் நின்ற அம்மாவைப் பார்த்தேன். என் தலையில் முக்காடாகப் போட்டிருந்த துண்டு நழுவி, அத்தனை பேர் முன்னாலும் மொட்டை தெரிந்துகொண்டிருந்தது. அந்த அவமானம் அம்மாவுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.