நிலா சொல்லாமல் விட்டது

பெஹாலாவுக்கு வந்து இரண்டு வருடமாகியும் எனக்குப் பெங்காலி வரவில்லை. பக்கத்து மருந்துக்கடையில் நாளுக்கொரு டாக்டர் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பார். ஒன்பது வயது மகள் நிலாதான் எனக்காகப் பேசுவாள். அவளுக்கு மாதாமாதம் கழுத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் வந்தது. "மறுபடியும் வந்திருக்குன்னு சொல்லுடி" என்பேன். ஏதோ சொல்வாள். அதே மாத்திரைதான் கிடைக்கும். வாயிருந்தும் ஊமையாக அந்தக் கடை பெஞ்சில் மாட்டிக்கொண்டு தவித்தேன்.

நான்காம் முறை கணவர் லீவு போட்டு வந்து ஆங்கிலத்தில் பேசினார். "நாலாவது தடவையா?" என்று டாக்டர் திடுக்கிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்.

"மறுபடியும் வந்திருக்குன்னு சொன்னா ஊசி குத்துவாங்கன்னு பயந்துட்டேம்மா" என்று நிலா அழுதாள்.

நல்லவேளை, பரிசோதனையில் பயப்படும்படி எதுவுமில்லை; திரும்பத் திரும்ப நெறி கட்டும் நிணநீர்க்கணு அழற்சிதான். இப்போது பழைய மருந்துச் சீட்டுகளோடு டாக்டரிடம் போய், எத்தனையாவது முறை என்று நானே பெங்காலியில் சொல்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு நிலா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.