ஒரு சொல்லில் தோற்ற வக்கீல்

வாய்மொழித் தேர்வு நடந்த கூடத்தில், என் முறைக்காகக் கடைசி பெஞ்சில் காத்திருந்தேன். பரீட்சை மேசைக்கு எதிரே நின்றவரை நாங்கள் மதராஸ் வக்கீல் என்றுதான் அழைப்போம். மதராஸில் பி.எல். முடித்து, கடலூர் கோர்ட்டில் பல வருஷம் வாதாடியவர். புதுச்சேரிப் பெண்ணைக் கட்டியதில் வந்தது சங்கடம். அவருடைய பி.எல். இங்கே செல்லாது, பிரெஞ்சுச் சட்டத்தை முதலிலிருந்து படித்துத் தேறினால்தான் இந்த ஊர் கோர்ட்டில் அங்கி போடலாம். மனைவியோ தனியாக இருந்த தகப்பனாரை விட்டு வரமாட்டாள். தகப்பனார் பிரெஞ்சு சர்க்காரில் வேலை பார்த்து ஓய்ந்தவர். இங்கிலீஷ்காரன் மண்ணில் கால் வைப்பதில்லை என்று சபதம் வேறு. ஆகவே, தேறினால் ஒரே குடித்தனம். தவறினால் அவர் கடலூரில், அவள் இங்கே. அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு.

வகுப்பில் எந்தப் பாடம் நடந்தாலும், "இதுக்கு என்ன கேஸ் இருக்கு?" என்று பழைய தீர்ப்பைத் தேடுவார். "இங்க கேஸ் இல்ல மேத்ர், ஆர்ட்டிகிள்தான் இருக்கு" என்று, பிரெஞ்சு வக்கீலுக்குரிய 'மேத்ர்' பட்டத்தை முன்கூட்டியே கொடுத்துப் பையன்கள் நாங்கள் சீண்டுவோம். "எல்லாம் புஸ்தகத்துலயே இருந்தா ஜட்ஜ் எதுக்குப்பா?" என்று சிரிப்பார்.

பரீட்சை வைத்தவர் ஒரு பிரெஞ்சு நீதிபதி. இரண்டு வீட்டுக்குப் பொதுவான சுவரைப் பற்றிக் கேட்டார். மதராஸ் வக்கீல் ஆர்ட்டிகிள் எண்ணோடு சட்டப் பிரிவைப் பிசகாமல் சொன்னார். "சரி, ழுரிஸ்ப்ருதான்ஸ் என்ன சொல்கிறது?" என்றார் நீதிபதி. பிரெஞ்சில் அதற்குக் கோர்ட்டுகள் இதுவரை சொன்ன தீர்ப்புகள் என்று பொருள். இங்கிலீஷிலும் அதே எழுத்துகள்தான், ஜூரிஸ்ப்ரூடன்ஸ். ஆனால் மதராஸில் அது சட்டத்தின் தத்துவம். இவர் முகம் மலர்ந்துவிட்டது. நீதி என்றால் என்ன, மனிதன் ஏன் சட்டத்துக்குப் பணிகிறான் என்று நல்ல பிரெஞ்சில் பொழிந்தார். நீதிபதி பொறுமையாகக் கேட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "ஐயா, நான் சுவரைப் பற்றிக் கேட்டேன்" என்றார். அதன்பின் கேட்டவற்றுக்கெல்லாம் இவர் பிரிவுகளை மாற்றி மாற்றிச் சொன்னார்.

முடிவைப் படித்தபோது என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. வெளியே, ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் அவர் மனைவி காத்திருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"இத்தனை நாளா கேஸ் கேஸ்னு கத்தினேன். அந்தாளு கேஸைத்தான் கேட்டிருக்கான். எனக்குத்தான் தெரியல."

அவள் வண்டியில் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். பிறகு, "கடலூர்ல எந்தப் பக்கம் வீடு பாக்கலாம்?" என்றாள்.

"பப்பா?" என்றார் அவர், மாமனாரை நினைத்து.

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். ஒங்க பிரெஞ்சு வேணாம்."

சென்ற மாதம் கடலூர் போயிருந்தேன். மதராஸ் வக்கீல் கோர்ட்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. கூடத்தில் மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்தார். வந்த நாளாக வாசற்படி தாண்டவில்லையாம். மாதாகோயில் பூசையில் தரும் நன்மை அப்பத்தைக்கூடச் சாமியார் வீட்டுக்கு வந்துதான் கொடுக்கிறாராம். சபதம் என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "வண்டியிலேருந்து உள்ள வரைக்கும் மாப்பிள்ளைதான் தூக்கிட்டு வந்தாரு. மண்ணுல கால் படல. இது எம் பொண்ணு வீடு."