வெள்ளிக்கிழமை வெட்டிய முடி

தேங்காய் எண்ணெயில் ஊறிய "பொருக்கு"க்கு ஒரு வாடை உண்டு. நாள்பட்ட பலகாரத்தின் சிக்கும் தாய்ப்பாலின் புளிப்பும் கலந்த அந்த வாடை, என் பத்தாவது வயதில் இரண்டு மாதம் போல எங்கள் வீட்டுத் தூளியிலும் தலையணையிலும் என் நகக் கண்களிலும் இருந்தது. பச்சைப்பிள்ளையின் உச்சந்தலையில் மஞ்சளாய்ச் செதில் செதிலாய்ப் படிவதைத்தான் எங்கள் தெருவில் பொருக்கு என்பார்கள். பல பிள்ளைகளுக்கு வரும், தானாக உதிர்ந்தும் போகும். என் தம்பிக்கு உதிரவில்லை. அது ஏன் என்று இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோட்டைப்பட்டினத்தில் எங்கள் தெரு அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர்தான். அதில் குளித்தால் பெரியவர்களுக்கே முழங்கால் சாம்பல் பூத்துக் கிடக்கும். பிறந்து இரண்டு மாதமான தம்பிக்கு உடம்பெல்லாம் சொரசொரத்து, முழங்கை மடிப்பில் தோல் வெடித்து, தொட்டாலே வீறிட்டு அழுவான். அம்மா சோப்பை நிறுத்திவிட்டுப் பாசிப்பயறு மாவுக்கு மாறினாள். காலையில் கொஞ்ச நேரம் வருகிற "நல்ல தண்ணி"யில் ஒரு குடம் அவனுக்கென்று பிடித்து வைப்பது என் வேலை. குளிப்பாட்டிய ஈரம் முழுக்கக் காய்வதற்குள் எண்ணெய் தடவித் துணியில் சுற்றிவிடுவோம். தலைக்கு மட்டும் முன்னதாகவே எண்ணெய் வைத்து, பொருக்கு இளகியதும் மெல்லிய துணியால் துடைத்து, எண்ணெய் தங்காமல் அலசிவிடுவாள். நகத்தால் நோண்டினால் என் கையில் ஒன்று போடுவாள். உடம்பு இரண்டு வாரத்தில் தேறியது, தலையும் அடங்கித்தான் வந்தது.

அப்போது செல்வம் மாமா இருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி, அடுத்த வீட்டில் இருந்தவர், நாட்டுப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கரையேறியதும் நேரே வந்து தூளியை விலக்கி, "என்னடா மாப்ள, தலையில செதிலு மொளைக்குது? தண்ணிக்குள்ளயே இருந்துக்கிறியா?" என்று கேட்பார். அம்மா அவரைக் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க ஓடுவாள்.

தம்பிக்கு நாலு மாதம் நிறைந்திருந்தபோது காற்றில் மாமாவின் படகு கவிழ்ந்தது. உடன் போன இருவரை வேறொரு படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். மாமா ஐஸ்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனதைப் பார்த்ததாக அவர்கள் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து அக்கரையில் ஒதுங்கியிருப்பார், எல்லை தாண்டியதாகப் பிடித்து வைத்திருப்பார்கள் என்று தெரு பேசிக்கொண்டது. எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் ஏற்கெனவே அங்கே சிறையில் இருந்ததால் அது நடக்காத காரியமாகவும் தோன்றவில்லை. அம்மா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் முடியைக் குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எடுப்பது எங்கள் வழக்கம். அதுவரை பிள்ளை தலையில் கத்தரி படக்கூடாது. அம்மாவோ கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பாள். நினைவு வந்தால் எழுந்து வந்து தம்பி தலையில் எண்ணெயைச் சரித்துவிட்டு, அலச மறந்து மறுபடியும் போய் உட்கார்ந்துவிடுவாள். முடி அடர்ந்து வளர்ந்தது, அதற்கடியில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து பொருக்கு அடையாகக் கட்டியது. காதுக்குப் பின்னால் நீர் கசிந்தது. அவன் தலையைத் தூளித் துணியில் தேய்த்துத் தேய்த்து அழுவான், எடுத்துப் பார்த்தால் துணியில் ரத்தம் இருக்கும்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா பார்த்ததும் கோபப்பட்டார். "இது சாதாரணப் பொருக்கு இல்லம்மா, புண்ணாயிருச்சு. எண்ணெய அப்பி வைக்காதீங்க. முடிய ஒட்ட வெட்டிட்டு இந்த மருந்தத் தடவுங்க. முடிக்கு மேல தடவி என்ன பிரயோசனம்?"

"எந்தம்பி வரட்டுங்க, வந்து மடியில வச்சுத்தான் எறக்கணும்" என்றாள் அம்மா.

வீட்டில் அப்பாவும் சொல்லிப் பார்த்தார், நர்ஸ் சொல்வதைக் கேளேன் என்று. அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்து, "அப்ப ஒங்க மச்சான் வரமாட்டான்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் முடியை வெட்டுவதென்றால் மாமாவைக் கைகழுவுவது என்று ஆகிவிட்டது. எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாமா மேல் எனக்கும் பிரியம்தான், ஆனால் இரவும் பகலும் அழுதது தம்பி.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவும் அப்பாவும் மாமாவைப் பற்றி விசாரிக்க மணமேல்குடிக்குப் போனார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை நகம்கூட வெட்டமாட்டார்கள் என்பது தெரிந்தும், துணி வெட்டும் கத்தரியை எடுத்து, வலது காதுக்குப் பின்னால் புண் மோசமாக இருந்த இடத்தில் மட்டும் முடியை ஒட்ட வெட்டினேன். காய்ச்சி ஆற வைத்த நல்ல தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுக்க, அடை கழன்று வந்தது. மருந்தைத் தடவினேன். அவன் என் மடியிலேயே தூங்கிப் போனான். அத்தனை நேரம் அவன் தூங்கி நான் பார்த்துப் பல நாளாகியிருந்தது. சாயங்காலம் வெட்டிய முடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கடலில் போட்டேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்பதைத் தவிர அதில் வேறு எண்ணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அக்கரையில் விடுதலையானவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் வாசலுக்கு வந்து, உள்ளே வரச் சொல்லியும் வராமல் நின்றார்கள். "அக்கா, செல்வம் அங்க இல்லக்கா. அங்கிட்டு வரவே இல்ல" என்றார் ஒருவர். அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட எழுந்து போனாள், அடுப்பைப் பற்றவைக்காமல் அப்படியே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை குளிப்பாட்டும்போது அவள் விரல் காதுக்குப் பின்னால் போய் நின்றது. அந்த இடம் மட்டும் சுத்தமாக ஆறி, புதுத்தோல் தெரிந்தது.

"எப்பத்தா வெட்டுன?"

"வெள்ளிக்கிழமம்மா."

"முடிய?"

"கடல்ல போட்டுட்டேன்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மிச்சத் தண்ணீரை அவன் மேல் ஊற்றினாள். அடித்திருந்தால் தேவலை. வெள்ளிக்கிழமை வெட்டினேன், ஞாயிற்றுக்கிழமை மாமா இல்லையென்று ஆகிவிட்டது; பத்து வயதில் எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். உன்னால் இல்லை என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம்.

உடல் கிடைக்காமலே மாமாவுக்குக் காரியம் நடந்தது. மகனுக்காகத் தாத்தாவுக்குத் தலை மழித்துவிட்டு, முடி எடுப்பவர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அம்மா, தம்பியை என் மடியில் உட்கார வைத்து, "இவனுக்கும் எடுத்துருங்க" என்றாள். இன்னிக்கா, இந்த எடத்துலயா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். "இனிமே யாருக்காகக் காத்திருக்க?" என்று கேட்டாள் அம்மா. முடி எடுப்பவர் புதுப் பிளேடு மாற்றி, ஈரத் துணியால் ஊற வைத்து, புண் படாமல் அரை மணி நேரம் எடுத்தார். மருந்து தடவியதில் பத்து நாளில் தலை ஆறிவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அம்மா பிறகு வாயே திறக்கவில்லை.

இப்போது நான் புதுக்கோட்டை டவுனில் இருக்கிறேன். அம்மாவும் என்னோடுதான். கோட்டைப்பட்டினத்து வீட்டை விற்றாகிவிட்டது, மாமாவின் முகத்துக்கு ஒரு புகைப்படம்கூடத் தெளிவாக இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி, தை மாதம் வந்து என் மகளுக்கு மடி தருவதாக இருக்கிறான். அதற்குள் அவள் தலையில் பொருக்கு கட்டி, போன வாரம் காதுக்குப் பின்னால் கசிய ஆரம்பித்தது. அந்த இடத்து முடியை வெட்டிவிட்டு மருந்து போடுங்கள் என்றார் டாக்டர். கத்தரியை எடுத்தேன், கை எழவில்லை. தம்பிக்கு போன் போட்டு அவன் குரலைக் கேட்ட பிறகும் எழவில்லை.

அம்மா வந்து பிள்ளையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, காது மடலை மடக்கிப் பிடித்தாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமம்மா" என்றேன்.

"தெரியும்த்தா. நீ வெட்டு."

உதிர்ந்த முடியை அவளே பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கொண்டுபோய்ப் போட இங்கே கடல் இல்லை.